139 வருஷம் லேட்டா வந்த கனெக்‌ஷன் வண்டி

முதலில் இரண்டு தேதிகள்.

1856 ஜூலை 1: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. சுமார் 100 கிலோமீட்டர். இன்றைக்கு நாம் 'ஆவடி லைன்', 'திருவள்ளூர் லைன்' என்று சொல்லும் பாதை அதுதான். திருமுல்லைவாயில் வழியாகத்தான் அந்தத் தண்டவாளம் போனது.

1857 செப்டம்பர் 5: சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி பிறந்தது.

இரண்டுக்கும் நடுவில் 14 மாதம்தான். ஆக, சென்னைக்கு மேற்கே இருக்கிற நம் ஊர்களுக்கு ரயிலும் பல்கலைக்கழகமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துவிட்டன. ஆனால் திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, சென்ட்ரலில் மாறி, இன்னொரு ரயிலில் சேப்பாக்கம் போய் இறங்கி, பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் வசதி வந்தது 1995 நவம்பரில். 1856ஐ 1995லிருந்து கழித்துப் பாருங்க, 139 வருஷம். கடைசித் துண்டு ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான்!

இந்த 139 வருஷத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால், யார் படித்தார்கள், யாரால் படிக்க முடியவில்லை என்பதற்கான விடையில் ஒரு பகுதி கிடைக்கிறது. கட்டணம், சாதி, மொழி எல்லாம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கல்லூரிக்கு எப்படிப் போய் வருவது என்கிற சாதாரண விஷயத்தைப் பற்றி எழுதியது குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வகுப்பே இல்லாத பல்கலைக்கழகம்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதிரியில் பல்கலைக்கழகம் என்பது பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பு. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. மாணவன் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியது பரீட்சைக்கும் பட்டமளிப்புக்கும்தான். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் ஹவுஸ் 1870களில் எழுந்தபோதும் அது விழா மண்டபமாகவும் தேர்வு மண்டபமாகவும்தான் இருந்தது. தினசரி மாணவர் கூட்டம் அங்கே இல்லை.

கூட்டம் இருந்தது பக்கத்தில் இருந்த மாநிலக் கல்லூரியில். 1840இல் தொடங்கி, 1870இல் கடற்கரைக் கட்டடத்துக்கு வந்த கல்லூரி அது. அங்கே படித்தவர்கள் எப்படி வந்தார்கள்? பெரும்பாலும் நடந்து. காரணம், படிக்கிறவர்கள் கல்லூரியைச் சுற்றி வந்து தங்கினார்கள். திருவல்லிக்கேணியில் மாணவர் விடுதி, மெஸ், மேன்ஷன், அறைகளை வாடகைக்கு விடும் வீடுகள் என்று ஒரு முழு உலகமே இதனால் உருவானது. உறவுக்காரர் வீட்டுத் திண்ணையும் இதில் சேர்த்தி.

நமக்குத் தெரிந்த ஒரு பெயரை வைத்தே பார்க்கலாம். கணித மேதை ராமானுஜன் 1906இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தபோது கல்லூரி ஜார்ஜ் டவுன் எல்லையில் இருந்தது. அவர் தங்கியது அதே ஜார்ஜ் டவுனில் பாட்டி வீட்டில். 1913இல் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தபோது அவர் குடியிருந்தது திருவல்லிக்கேணியில். இரண்டு முறையும் நடக்கிற தூரம். படிப்பு என்றால் முதலில் பட்டணத்தில் ஒரு கூரை வேண்டும், பிறகுதான் கல்லூரி.

இதற்கு என்ன அர்த்தம்? பட்டணத்தில் தங்க வசதியுள்ள குடும்பம், அல்லது பட்டணத்தில் சொந்தபந்தம் உள்ள சமூகம், இவர்கள்தான் பட்டம் வாங்க முடியும். திருமுல்லைவாயில் சென்ட்ரலிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஏரிப் பாசனத்தை நம்பி விவசாயம் பார்த்த குடும்பத்துக்கு அந்த 20 கிலோமீட்டரும் தஞ்சாவூர் தூரமும் ஒன்றுதான். தண்டவாளம் ஊர் வழியாகப் போவது வேறு, காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப வண்டி இருப்பது வேறு.

தெற்கே 1931, மேற்கே 1979

இந்த 'காலையில் போய் சாயங்காலம் திரும்பு' என்கிற ஏற்பாடு சென்னையில் முதலில் வந்தது தெற்குப் பக்கம். 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. மீட்டர் கேஜ் பாதை, 29 கிலோமீட்டர். அதற்கப்புறம் அந்தப் பாதை ஓரத்தில் என்ன நடந்தது என்று பாருங்க:

நுங்கம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லயோலா கல்லூரி, 1925இலேயே இருந்தது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி பாரிமுனைப் பக்கத்து நெரிசலை விட்டுவிட்டு தாம்பரத்துக்கே போய்விட்டது. அன்றைய தாம்பரம் சேலையூர்க் காட்டை ஒட்டிய ஊர். ஒரு நூற்றாண்டு நகரத்தின் நடுவில் இருந்த கல்லூரி அங்கே போகத் துணிந்தது என்றால், பாதையின் கடைசி ஸ்டேஷன் தாம்பரம் என்பதை மறந்துவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது. விடுதிகளை மையமாக வைத்துத்தான் அந்த வளாகத்தைத் திட்டமிட்டார்கள். இருந்தாலும் நகரத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்களுக்கு மின்சார வண்டி இருந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. வந்தது. அதுவும் அதே பாதையில்தான். அப்துல் கலாம் படித்த இடம் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மேற்குப் பாதையின் கதை வேறு. அது பம்பாய்க்கும் பெங்களூருக்கும் போகும் பிரதான அகலப் பாதை. எக்ஸ்பிரஸும் சரக்கு வண்டியும் போக மீதி நேரத்தில்தான் லோக்கல். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பாதை ஓரத்தில் வந்தவை கல்லூரிகள் அல்ல, தொழிற்சாலைகள். 1955இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப்., 1960களில் ஆவடி டாங்க் ஃபேக்டரி, அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது பள்ளிப் பாடத்தில் உண்டு. அந்தத் தீர்மானம் பேசிய பொதுத்துறைத் தொழில், மாநாடு நடந்த ஆவடியைச் சுற்றியே எழுந்து நின்றது.

அதனால் எங்கள் பாதையில் ரயில் என்றால் ஷிஃப்ட். சைரன் அடிக்கும் நேரத்துக்குக் கூட்டம், சாப்பாட்டுக் கேரியர், சீசன் டிக்கெட், சீட்டுக்கட்டு. இங்கே மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1979இல், சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை. தாம்பரத்துக்கு வந்து 48 வருஷம் கழித்து! அந்த வண்டிகளைப் பராமரிக்கும் பணிமனைதான் திருமுல்லைவாயிலை ஒட்டிய அடுத்த ஸ்டேஷனான அண்ணனூரில் இருக்கிறது.

எங்கள் தொழிலில் லேட்டன்சி, த்ரூபுட் என்று இரண்டு அளவு சொல்வோம். ஒரு செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரம், ஒரு மணி நேரத்தில் எத்தனை செய்தி போகும் என்று. நீராவி வண்டி காலத்திலும் சென்ட்ரல் போய்ச் சேர மணிக்கணக்கெல்லாம் ஆகவில்லை. மின்சார வண்டி கொண்டுவந்த பெரிய மாற்றம் அடுத்தடுத்து வண்டி இருக்கிறது என்கிற தைரியம். முதல் வகுப்பு எட்டரைக்கா, லேப் முடிய ஐந்தரை ஆகுமா, பரவாயில்லை, அடுத்த வண்டி உண்டு. விடுதியில் இடம் தேட வேண்டாம். அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸோடு போகலாம். 1979க்குப் பிறகுதான் இந்தப் பக்கத்து வீடுகளில் 'வீட்டிலிருந்தே காலேஜ் போகலாம்' என்கிற பேச்சு நடைமுறைக்கு வந்தது.

கடைசி 3 கிலோமீட்டர்

சென்ட்ரலில் இறங்கிய மாணவன் அதோடு நிற்க முடியாது. சேப்பாக்கம் போக பஸ். அதற்கு முந்தைய தலைமுறைக்கு டிராம் இருந்தது. 1895இல் ஓட ஆரம்பித்த மின்சார டிராம் 1953இல் நின்றுபோனது. அதற்கப்புறம் பஸ்தான் கதி. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது, 'பல்லவன்' என்கிற பெயர் பஸ்ஸுக்கே பெயராகிவிட்டது.

சென்ட்ரல் பக்கத்தில் மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: மூர் மார்க்கெட். 1900வாக்கில் கட்டப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் பிரசித்தம். பாதி விலைக்கு டெக்ஸ்ட் புக் வாங்கி, வருஷக் கடைசியில் அதே கடையில் கால் விலைக்குக் கொடுத்துவிட்டு வருவது ஒரு பொருளாதாரம். 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்றைக்குப் புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. டிக்கெட்டில் இன்னமும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்' என்கிறார்கள். ஏழை மாணவனின் புத்தகக் கடை போய், அதே இடத்தில் அதே மாணவன் வந்து இறங்கும் ஸ்டேஷன் வந்தது. எது லாபம், எது நஷ்டம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

1995 நவம்பர் 1இல் பறக்கும் ரயிலின் முதல் பகுதி பீச்சிலிருந்து சேப்பாக்கம் வரை திறந்தது. கோட்டை, பார்க் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம். சென்ட்ரலுக்கு எதிர்ப்புறம் பார்க் டவுன் என்பதால் மேற்குப் பாதைக்காரர்களுக்கு அதுதான் கனெக்‌ஷன். இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கம். அங்கிருந்து மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடை. 1997இல் பாதை மயிலாப்பூர் வரை நீண்டது. 1914இல் பெண்களுக்கென்று தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி இருக்கும் பக்கமும் ரயில் வந்தது. 2004இல் கோட்டூர்புரம் வந்தபோது கிண்டி பொறியியல் கல்லூரி, அதாவது அண்ணா பல்கலைக்கழக வளாகமும் நடை தூரத்துக்குள் வந்தது. 2007இல் வேளச்சேரி.

பக்கிங்ஹாம் கால்வாயைத் தூண்களால் நிரப்பிவிட்டார்கள், ஸ்டேஷன்கள் ராட்சசக் கட்டடங்களாகக் காலியாகக் கிடக்கின்றன என்று பறக்கும் ரயில் மேல் நிறைய விமர்சனம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் மேப்பை எடுத்து வைத்து அந்தப் பாதை ஓரத்தில் இருக்கும் கல்விக்கூடங்களை மட்டும் குறித்துப் பாருங்க. யாரும் அப்படித் திட்டமிடாமலேயே அது ஒரு பல்கலைக்கழக ரயிலாக அமைந்துவிட்டது.

எதிர்த்திசையில் ஒரு ஸ்டேஷன்

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உருவானது. ஆவடிக்கு அடுத்த ஸ்டேஷனின் பெயரே 'இந்துக் கல்லூரி'. முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரு கல்லூரியின் பெயரில் ஸ்டேஷனா என்று. கலவல கண்ணன் செட்டி அறக்கட்டளையின் இந்துக் கல்லூரி 1960களின் கடைசியில் பட்டாபிராமில் தொடங்கியது. கலவல கண்ணன் செட்டி ஒரு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த சென்னை வணிகர், கல்விக்காகச் சொத்தை எழுதிவைத்தவர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் திசைதான். காலையில் சென்ட்ரல் பக்கம் போகும் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. எதிரே திருவள்ளூர் பக்கம் போகும் வண்டியில் ஜன்னல் சீட்டே கிடைக்கும். கல்லூரியை நகரத்துக்கு வெளியே, ரயில் பாதை ஓரத்தில் வைத்தால் காலியாக ஓடும் வண்டிக்கு வேலை கிடைக்கிறது, மாணவனுக்கு உட்கார இடம் கிடைக்கிறது. கிறித்துவக் கல்லூரி 1937இல் தாம்பரத்தில் செய்ததும் அதுதான். மேற்கே திருவள்ளூர், திருநின்றவூர் பக்கம் இல்லாத இந்த வசதியை ஒரே ஒரு கல்லூரி மேற்குப் பாதைக்குக் கொண்டுவந்தது.

1984க்குப் பிறகு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தபோது இந்தப் பாடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் கல்லூரி கட்டினார்கள், ஸ்டேஷன் எங்கே என்று பார்த்துக் கட்டவில்லை. விளைவு, கல்லூரி பஸ். காலை ஆறரைக்கே தெருமுனையில் ஐடி கார்டு போட்ட பிள்ளைகள் நிற்பதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எங்கேயும் பார்க்கலாம். சி.டி.எச். ரோட்டில் வரிசையாக நிற்கும் பஸ்களில் பாதி கல்லூரி பஸ்தான். படிப்புக் கட்டணத்தோடு பஸ் கட்டணம் என்று இன்னொரு வரி சேர்ந்தது. ரயிலில் மாசம் பூரா போவதற்கு ஆகும் செலவை இதோடு ஒப்பிடவே முடியாது.

சீசன் டிக்கெட் என்கிற ஸ்காலர்ஷிப்

அந்தச் செலவைக் கொஞ்சம் பார்ப்போம். புறநகர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மாத சீசன் டிக்கெட் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணத்தின் விலைதான். மாணவர் என்று கல்லூரியில் கையெழுத்து வாங்கிப் போனால் அதிலும் பாதி. 2008–09 ரயில்வே பட்ஜெட்டில் இன்னொன்று அறிவித்தார்கள்: பெண்களுக்குப் பட்டப்படிப்பு வரை சீசன் டிக்கெட் இலவசம், பையன்களுக்குப் பிளஸ் டூ வரை. மாநில அரசின் பக்கம் மாணவர் பஸ் பாஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் எல்லாப் பெண்களுக்கும் இலவசம்.

இதை யாரும் 'கல்வி உதவித்தொகை' என்று சொல்வதில்லை, பட்ஜெட்டில் போக்குவரத்து என்கிற தலைப்பில் வரும். ஆனால் அரக்கோணம் சென்ட்ரலிலிருந்து 69 கிலோமீட்டர். திருத்தணி அதற்கும் அப்பால். அங்கே இருக்கும் ஒரு விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை தினமும் மாநிலக் கல்லூரிக்கு வந்து போக முடிகிறது என்றால், அதைச் சாத்தியமாக்கியது அந்தப் பாதி விலை சீசன் டிக்கெட். 1913இல் திருவல்லிக்கேணியில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த வாடகையின் இடத்தில் ஒரு சின்ன அட்டை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறவர்களில் எத்தனையோ பேரின் பட்டத்துக்குப் பின்னால் இந்த அட்டை இருக்கிறது.

பெட்டியே கேம்பஸ் ஆனபோது

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை.

தினம் மூன்று, நான்கு மணி நேரம் ரயிலிலும் பஸ்ஸிலும் கழிக்கும் மாணவனுக்கு நட்பு, பாட்டு, கானா, சண்டை எல்லாம் அங்கேதான் நடக்கிறது. விடுதி மாணவனுக்கு விடுதி எப்படியோ, இவனுக்குப் பெட்டி அப்படி. அதில் பிறந்ததுதான் 'ரூட்டு தல' கலாச்சாரம். கல்லூரிக்கு ஒரு கூட்டம், அதற்குள் ரூட்டுக்கு ஒரு கூட்டம், அதற்கு ஒரு 'தல'. அரக்கோணம் ரூட், கும்மிடிப்பூண்டி ரூட், பஸ் என்றால் அதன் நம்பர். 'பஸ் டே' கொண்டாட்டம் எல்லை மீறி உயர் நீதிமன்றம் தடை போடும் அளவுக்குப் போனது. ஃபுட்போர்டில் தொங்கி பிளாட்பாரத்தில் பட்டாக்கத்தியை உரசிக்கொண்டு போகும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்போம். 2024 அக்டோபரில் சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்தார். திருத்தணிப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து படித்த பையன்.

இதைப் பார்த்துவிட்டு 'பாஸைப் பிடுங்குங்க, இவங்களுக்கு எதுக்குக் காலேஜ்' என்று சொல்கிறவர்கள் அதிகம். வன்முறை செய்தவனுக்குச் சட்டப்படி தண்டனை கிடைக்கட்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாஸைப் பிடுங்கினால் கத்தி எடுத்தவன் மட்டும் நிற்க மாட்டான். அதே வண்டியில் ஓரமாக நின்று நோட்ஸ் படித்துக்கொண்டு வந்த நூறு பேரும் நிற்பார்கள். செத்துப்போன பையனும் அந்த அட்டையை நம்பி வந்தவன்தானே? கல்லூரி முடிந்த பிறகும் வளாகத்தில் உட்கார ஒரு இடம், விளையாட ஒரு மைதானம், அரக்கோணம் வண்டிக்கு நேரம் ஆகும்வரை திறந்திருக்கும் ஒரு நூலகம் என்று எதுவும் இல்லாதபோது, பெட்டிதான் கேம்பஸ் ஆகிறது. தினமும் வந்து போகிறவனை மனதில் வைத்து நம் கல்லூரிகள் இன்னும் தங்கள் நேரத்தை அமைத்துக்கொள்ளவில்லை.

மறுபடியும் ஒரு 14 மாதம்

2023 ஆகஸ்ட் கடைசியில் பீச்–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காகப் பறக்கும் ரயிலை பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே நிறுத்தினார்கள். பார்க் டவுனில் பறக்கும் ரயில் இல்லை. மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். 14 மாதம். 1856க்கும் 1857க்கும் நடுவில் இருந்த அதே இடைவெளி!

அந்த 14 மாதமும் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த மாணவர்கள் சென்ட்ரலில் இறங்கி சிந்தாதிரிப்பேட்டைக்கு நடந்தார்கள், பஸ் பிடித்தார்கள், சிலர் ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள். செய்திகளில் இதைப் 'பயணிகள் அவதி' என்று ஒரு வரியில் முடித்தார்கள். மூன்று வருஷப் பட்டப்படிப்பில் 14 மாதம் என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஒரு இணைப்பு உருவாக 139 வருஷம் ஆனது, அதை மூட ஒரு அறிவிப்பு போதுமாக இருந்தது.

நான்காவது பாதை தேவையானதுதான். ஆனால் அடுத்த முறை ஒரு பாதையை மூடும்போது, செமஸ்டர் அட்டவணையையும் ஒருவர் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். எட்டரை மணி வகுப்புக்கு நேரத்துக்குப் போகும் நாலு இணைப்புப் பேருந்து, சீசன் டிக்கெட்டைக் காட்டினால் ஏறிக்கொள்ளலாம் என்கிற ஏற்பாடு. இதற்குப் பெரிய பொறியியல் எதுவும் தேவையில்லை. அந்த வண்டியில் வருகிறவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.